நடுப்பலகை

“நீ யாரோடு போகிறாய்?”

மாக்கிரட் ரீச்சர் ஆற்றங்கரையில் வைத்து என்னிடம் இப்படிக் கேட்டார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து என் கையில் வைப்பதுபோல மெதுவாக, டேனிஷில். கேள்வி எனக்கு விளங்கியது. பதிலும் தெரிந்திருந்தது. ஆனால் அது என் வாய்க்கு வந்து சேர்வதற்குள் தங்கச்சி முந்திவிட்டாள். “அக்கா எங்களோடு” என்றாள். எங்களோடு என்றால் அவளும் அவளுடைய சிநேகிதி லோனாவும். ரீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வள்ளத்துக்குப் போனார்.

அலுமினிய வள்ளம். இரண்டு முனையும் கூர். பின்னால் ஒரு இருக்கை, முன்னால் ஒரு இருக்கை, நடுவில் குறுக்கே ஒரு பலகை. லோனா துடுப்போடு பின்னால் ஏறினாள். தங்கச்சி துடுப்போடு முன்னால் ஏறினாள். நடுப்பலகையில் இருப்பவருக்குத் துடுப்புக் கிடையாது. எனக்கு முன்னால் தண்ணீர்க் கான்களும் கூடாரப் பொதியும் இருந்தன, எனக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சூட்கேஸ். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் முதுகுப் பைகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் உறைகளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். எங்களிடம்தான் மண்ணிறச் சூட்கேஸ், கொழும்பிலிருந்து வெளிக்கிட்டபோது அப்பா வாங்கியது. மூடியில் வெள்ளைப் பெயின்றில் ‘ஜெயசிங்கம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நான் சேற்றில் இறங்கியபோது ஹென்ரிக் என்ற பையன், “ஹோட்டல் அந்தப் பக்கம்” என்று காட்டைக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது என்னை ஒன்றும் செய்யவில்லை.

தங்கச்சியின் அந்த வகுப்பு ஒருகாலத்தில் என்னுடையதும்தான். இக்காஸ்ட் நகரத்துக்கு வந்த புதிதில் என்னையும் தங்கச்சியையும் ஒரே வகுப்பில் விட்டார்கள். எனக்கு அவளைவிட இரண்டு வயது கூட, ஆனால் டேனிஷில் இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான், அதாவது ஒன்றுமில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஆறு மாதத்தில் அவள் கதைக்கத் தொடங்கினாள். என்னை வாசிக்கச் சொன்னால் நான் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. யாரும் பகிடி பண்ணவில்லை. மாக்கிரட் ரீச்சர் காத்திருப்பார், முழு வகுப்பும் காத்திருக்கும். பேனை கீழே விழுந்தால்கூடக் கேட்கும். அந்த நல்லவர்களின் அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாவது குளிர்காலம் முடிந்தபோது காலையில் எழும்பி வெளிக்கிடுவதை நிறுத்திவிட்டேன். அப்பா, “விருப்பமில்லாட்டி விடு” என்றார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா துப்புரவு வேலைக்குப் போனார், நான் சமைத்தேன். காலையில் தங்கச்சியின் தலையைப் பின்னிவிட்டு யன்னலில் நிற்பேன். அவள் சைக்கிளில் போவாள், மூலையில் லோனா சைக்கிளோடு நிற்பாள்.

ஜூன் மாதம் ரீச்சர் வீட்டுக்கு வந்தார். வகுப்பு முழுவதும் குதெனோ ஆற்றில் மூன்று நாள் வள்ளம் விடப்போகிறது, காட்டுக்குள் இரண்டு இரவு, எட்டுப் பேர் பெண்பிள்ளைகள், ஒன்பது பேர் பையன்கள். அம்மா பற்றீஸ் சுட்டு வைத்திருந்தார். ரீச்சர் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண் கலங்கிச் சிரித்தார். அப்பா தங்கச்சியைப் பார்த்து, “பெடியளும் பெட்டையளும் ஒண்டாக் காட்டுக்கை படுக்கிறதோ எண்டு கேள்” என்றார்.

தங்கச்சி ரீச்சரைப் பார்த்து டேனிஷில், “மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்கிறார்” என்றாள்.

“எங்கள் கூடாரங்கள் நல்லவை. ஒரு சொட்டும் உள்ளே வராது.”

“பெடியளுக்கு வேறை டென்ட், பெட்டையளுக்கு வேறை டென்டாம். தான் நடுவிலை படுப்பாவாம்” என்றாள் தங்கச்சி அப்பாவிடம். நான் குசினி வாசலில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே, நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “மூத்தவள் கூடப் போனால் போகட்டும். ஒரே வள்ளம், ஒரே டென்ட்.” இதைத் தங்கச்சியால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. ரீச்சரோ சந்தோஷப்பட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். நான் வகுப்புக்குத் திரும்பி வர ஆசைப்படுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். கண்காணிக்க ஒரு ஆளை அனுப்புகிறார்கள் என்பது அவருடைய யோசனையில் இல்லை.

அன்றைக்கு ரீச்சர் இன்னொன்றும் சொன்னார். தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம், எஃப்டர்ஸ்கோல என்று பெயர். கடலோரத்தில் ஒன்று இருக்கிறது, லோனா ஓகஸ்டில் அங்கே போகிறாள், தங்கச்சிக்கும் இடம் எடுக்கலாம், ஒரு வருடம், செலவுக்கு நகரசபை உதவும். ரீச்சர் போனபிறகு அப்பா அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டார். மூன்று கிழமை கழித்து, நாங்கள் வெளிக்கிடும் காலையில், சூட்கேஸின் பூட்டைத் திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார். “நீ வந்து சொல்லு பிள்ளை. நீ சொல்லுறதை வைச்சுத்தான் மற்றப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசிப்பன்.” தங்கச்சி சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது எனக்குத் தெரிந்தது.

ஆறு ஒடுக்கமானது. இரண்டு கரையிலிருந்தும் மரங்கள் சாய்ந்து நடுவில் முட்டிக்கொண்டன. இலை நிழலும் வெயிலும் மாறி மாறித் தங்கச்சியின் முதுகில் ஓடின. செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை, அதன்மேல் காலையில் நான் பின்னிவிட்ட இரட்டைப் பின்னல். எனக்கு முன்னால் அவள், எனக்குப் பின்னால் லோனா, அவர்களின் பேச்சு என் தலைக்கு மேலால் போய் வந்தது. பந்து எறிந்து பிடிப்பவர்களுக்கு நடுவில் இருப்பதுபோல. லோனா அவளை ‘டேவா’ என்று கூப்பிடுவாள். தேவமலர் என்பதில் அவளுக்குத் தேவையானது அவ்வளவுதான். தங்கச்சி அந்தப் பெயருக்குத் திரும்பும் வேகத்தில், நான் கூப்பிடும்போது திரும்புவதில்லை. அவர்கள் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி கடலோரப் பள்ளிக்கூடம் பற்றியது. அங்கே ஒரு அறையில் இரண்டு பேராம். யன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்று சண்டை பிடித்தார்கள். சிரித்துச் சிரித்துப் பிடித்த சண்டை. வள்ளம் ஆடியது, நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்நேரம் தங்கிய இடத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை, ஒரு வீடு கண்ணுக்கு எட்டவில்லை. ஊசியிலை மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் வெளி, நடுவில் கல் அடுக்கிய அடுப்பு, மரத்தில் சாய்த்து வைத்த மண்வெட்டி. அவசரத்துக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகவேண்டும், போனவர் பாட்டுப் பாடவேண்டும், மற்றவர்கள் அந்தப் பக்கம் வராமலிருக்க. அம்மா சூட்கேஸில் ஒரு செம்பு வைத்துவிட்டிருந்தார். நான் மண்வெட்டியையும் செம்பையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது தங்கச்சி ஓடி வந்தாள்.

“அக்கா, உந்தச் செம்பைத் துவாய்க்குள்ளை ஒளிச்சுக் கொண்டு போ.”

“ஏன்?”

“என்னெண்டு கேட்பினம்.”

“நீ சொல்லன். நீதானே எல்லாத்தையும் மாத்திச் சொல்லுறனி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “பாட்டெண்டாலும் படி. ஒருத்தரும் உன்ரை குரலைக் கேட்டதில்லை” என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் பாடவில்லை. மரங்களுக்குள் மிகவும் தூரம் போனேன். திரும்பி வரும்போது ஆற்றில் சத்தம் கேட்டது. எல்லாரும் தண்ணீருக்குள் நின்றார்கள். தங்கச்சி அரைக் காற்சட்டையும் பெனியனுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். குளிரில் கூவினாள். ஹென்ரிக் அவள்மேல் தண்ணீர் அடித்தான், அவள் திரும்ப அடித்தாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. நான் மரத்துக்குப் பின்னால் நின்று அதற்குமேல் ஏதாவது நடக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதத்து வெளிச்சம் போக மனமில்லாமல் நின்றது. தடியில் கோதுமை மாவைச் சுற்றி நெருப்பில் வாட்டினார்கள், வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் ஒரு பாண். நான் என் தடியைத் திருப்பிக்கொண்டு நெருப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அந்தப் பக்கம் தங்கச்சி லோனாவின் முழங்கால்களுக்கு இடையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நனைந்த பின்னலை லோனா அவிழ்த்தாள். சீப்பு இல்லை, விரலாலேயே கோதினாள். பிறகு உச்சியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக முடியைச் சேர்த்துச் சேர்த்து, நடுமுதுகு வரை ஒரே பின்னலாக இறக்கினாள். அப்படி ஒரு பின்னலை நான் பார்த்ததில்லை. வடிவாகத்தான் இருந்தது. தங்கச்சி கண்ணை மூடியிருந்தாள். எங்கள் வீட்டில், நான் பின்னும் நேரம், அவள் ஒரு கையில் பாணும் மறு கையில் புத்தகமுமாக, “கெதியாப் பின்னு, கெதியாப் பின்னு” என்று காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடக் கண்ணை மூடியதில்லை. என் பாண் தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொன்னாள். நான் தடியோடு அதை நெருப்புக்குள் விட்டேன்.

கூடாரத்தில் நான் நடுவில் படுத்தேன். அங்கும் நடுவில்தான். ஆனால் அது நானே கேட்டு எடுத்த இடம்.

இரண்டாம் நாள் காலையில் லோனா மீன் டின் திறக்கப்போய் உள்ளங்கையை வெட்டிக்கொண்டாள். பெரிய வெட்டு இல்லை, ஆனாலும் துடுப்புப் பிடிக்க முடியாது. ரீச்சர் கட்டுப் போட்டு, அவளைத் தன்னுடைய வள்ளத்தில் ஏற்றினார். நடுப்பலகையில். பிறகு என்னிடம் வந்து லோனாவின் துடுப்பைத் தந்து, பின்னிருக்கையைக் காட்டினார். “பின்னால் இருப்பவர்தான் திருப்புகிறவர்” என்றார். முன்னால் இருப்பவர் வலிக்கலாம், எவ்வளவும் வலிக்கலாம், வள்ளம் எங்கே போகும் என்பது பின்னால் இருப்பவரின் கையில். அதுவரைக்கும் முன்னிருக்கைதான் பெரிய இருக்கை என்று நான் நினைத்திருந்தேன்.

தொடக்கத்தில் நாங்கள் ஒரு கரையில் முட்டி மறு கரைக்குப் போனோம். “மற்றப் பக்கம்! அக்கா, மற்றப் பக்கம்!” என்று தங்கச்சி கத்தினாள். பிறகு என் கைக்குப் பிடிபட்டது. துடுப்பைப் பின்னால் தண்ணீருக்குள் சும்மா பிடித்துக்கொண்டு மணிக்கட்டை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், தங்கச்சியும் சூட்கேஸும் முழு வள்ளமும் மெல்லத் திரும்பும். இப்படி ஒரு சுகத்தை நான் அறிந்ததில்லை. ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. மற்ற வள்ளங்கள் முன்னால் போய்விட்டன. வளைவுகளில் ஒரு செம்மஞ்சள் நிறம் தெரியும், மறையும். சத்தம் எல்லாம் போனபின் எங்கள் துடுப்புச் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

ஓரிடத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்தது. கடைசி வள்ளம் வலது பக்கம் போனதை நான் பார்த்தேன். தங்கச்சி குனிந்து சப்பாத்துக்குள் போன தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் மணிக்கட்டைத் திருப்பினேன். வள்ளம் இடது பக்கம் போனது.

அது ஓடுகிற தண்ணீர் இல்லை. நாணலுக்குள் போய் ஒடுங்கி, அடியில் சேறு தட்டி நின்றுவிட்டது. நாணல் எங்கள் தலைக்கு மேலே நின்றது. ஒரு சாம்பல் நாரை எழும்பி, எங்களைப் பார்த்துவிட்டு வேறிடம் போனது.

“இது வழியில்லை” என்றாள் தங்கச்சி.

“ஓம்.”

“அவையள் எந்தப் பக்கம் போனவை? நீ பார்க்கேல்லையோ?”

“பசிக்குது. சாப்பிடுவம்” என்றேன்.

நான் சூட்கேஸைத் திறந்தேன். அம்மாவின் மீன் கட்லட் டப்பா இன்னும் தொடாமல் இருந்தது. டேனிஷ் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் எடுக்க விடவில்லை. இப்போது ஒன்றன்பின் ஒன்றாக நாலு சாப்பிட்டாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு ஹென்ரிக் தண்ணீரில் வழுக்கியதை நடித்துக் காட்டினாள். பிறகு அப்பா ரீச்சருக்கு முன்னால் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்ததை நடித்துக் காட்டினாள். “ஒரே வள்ளம், ஒரே டென்ட்” என்று அப்பாவின் குரலில் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் வள்ளம் சேற்றில் அசைந்தது. இரண்டு நாளில் அவள் என்னோடு தமிழில் தொடர்ந்து கதைத்தது அப்போதுதான். யாரும் வராமல் விட்டால் நல்லது என்று நினைத்தேன்.

கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், அவள் கேட்டாள். “அக்கா, அப்பாட்டை என்ன சொல்லப்போறாய்?”

“என்ன சொல்லவேணும்?”

“ஒண்டும் நடக்கேல்லை எண்டு. நடக்கேல்லைத்தானே.”

“தண்ணிக்கை இறங்கினது?”

அவள் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. “அதைச் சொன்னால் அவர் விடமாட்டார். உனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும். நான் ஒரு நாணலை ஒடித்துக் கிழித்துக்கொண்டிருந்தேன். கேட்க நினைத்தது வேறு, வந்தது வேறு. “அங்கை உன்ரை தலையை ஆர் பின்னிவிடுறது? அவளோ?”

“நான்தான்.”

“உனக்குப் பின்னத் தெரியாது.”

“எனக்கு எப்பவோ தெரியும் அக்கா. நீ காலமை சீப்போடை வந்து நிப்பாய். அதுதான் இருந்தனான்.”

அவள் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நாணல் துண்டு தண்ணீரில் விழுந்து, ஓட்டம் இல்லாததால் அப்படியே கிடந்தது. தூரத்தில் ரீச்சரின் விசில் கேட்டது. தங்கச்சி எழும்பி நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, டேனிஷில் பதில் கூவினாள்.

மூன்றாம் நாள் சில்க்போர்க்கில் வள்ளங்களை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் இக்காஸ்டுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா காலை முறை வேலை முடித்து வந்து சோபாவில் இருந்தார். சட்டையில் இன்னும் தொழிற்சாலைப் பஞ்சு ஒட்டியிருந்தது. சூட்கேஸை வாசலில் வைத்தேன், அதன் அடியிலிருந்து ஆற்றுமணல் கம்பளத்தில் கொட்டியது. அம்மா தேநீர் கொண்டுவந்தார். தங்கச்சி எனக்கு முன்னால் சின்ன ஸ்டூலில் அப்பாவைப் பார்த்தபடி இருந்தாள். லோனா போட்ட பின்னலை அவள் அவிழ்க்கவில்லை. பிசிறு பிசிறாகக் கிளம்பியிருந்தது, அதற்குள் ஒரு நாணல் தும்பு.

“என்ன பிள்ளை, எப்பிடி? இவள் எப்பிடி நடந்தவள்?”

“நல்லா நடந்தவள் அப்பா.”

“ஆத்துக்கை கீத்துக்கை இறங்கினவளோ?”

“இல்லை.”

தங்கச்சியின் தோள் கீழிறங்கியது. மூன்று நாளாகத் தூக்கி வைத்திருந்த தோள். அப்பா தேநீரை ஒரு வாய் குடித்தார். “அப்ப அந்தப் பள்ளிக்கூடம். ஒரு வருசம். நீ என்ன சொல்லுறாய்? விடலாமோ?”

அம்மா குசினி வாசலில் நின்றுவிட்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். வகுப்பில் காத்திருந்ததுபோல. ஆனால் இந்த முறை என் வாய் திறந்தது, எந்த முயற்சியும் இல்லாமல், மணிக்கட்டைத் திருப்புவதுபோல.

“விடலாம் அப்பா. நானும் கூடப் போறன். அங்கை ஒரு அறையிலை ரெண்டு பேராம்.”

அப்பா என்னைப் பார்த்தார். மீசையைத் தடவினார். அவர் முகம் தெளிந்தது. “அதுதான் சரி” என்றார் அம்மாவைப் பார்த்து. “பாத்தியே, இவளும் படிக்கப்போறன் எண்டுறாள். ரெண்டு பேரும் ஒரு அறையிலை எண்டால் எனக்கென்ன பயம். மாக்கிரட் ரீச்சருக்கு ரெலிபோன் எடுப்பம்.” அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார்.

தங்கச்சி கையிலிருந்த கோப்பையை, குடிக்காமல், மேசையில் வைத்தாள். கோப்பை படும் சத்தம்கூட வரவில்லை. எழும்பினாள். என் பக்கம் திரும்புவாள் என்று இருந்தேன். அவள் திரும்பவில்லை. ஆற்றில் பார்த்துக்கொண்டு வந்த அதே முதுகு, அதன் நடுவே அந்த ஒற்றைப் பின்னல், வாசலில் சூட்கேஸைத் தாண்டி, நடைபாதை மூலையில் மெல்லத் திரும்பிப் போனது.